பின் கதவுச் சாவி: ஒரு தீத்தடுப்புப் பயிற்சிக்குக் கொடுத்த 32,686 ரூபாய்

மொத்த பில் 32,686 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து. அதில் எது உருப்படியான செலவு, எது தண்டம் என்று எழுதி வைக்கிறேன். சேலத்தில் மண்டபம், லாட்ஜ், மெஸ், பட்டறை என்று நான்கு பேரை வைத்து ஏதாவது நடத்துகிறவர்களுக்கு உதவும். பயிற்சி கொடுத்த கம்பெனியின் பெயரைப் போடவில்லை. மண்டபத்தின் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி பெயரைச் சொன்னால், எந்த மண்டபத்துக்கு வந்தார்கள் என்று கண்டுபிடிக்க நம் ஊர்க்காரர்களுக்கு அரை மணி நேரம் போதும்.

2006-ல் இந்தக் கல்யாண மண்டபத்துக்குக் கணக்கு எழுத வந்தேன். பழைய மேனேஜர் நின்ற பிறகு சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்தது. மாடியில் 600 நாற்காலி போடும் ஹால், கீழே ஒரு பந்திக்கு 220 பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம், அதற்குப் பின்னால் சமையல்கட்டு. சமையல்கட்டிலிருந்து ஒரு நடை, நடையின் முடிவில் சந்துக்குத் திறக்கும் இரும்புக் கதவு. முகூர்த்த நாளில் அந்தக் கதவைப் பூட்டுவது என் வேலை. திறந்து வைத்தால் எண்ணெய் டின் போகும், நெய் டப்பா போகும், அழைப்பில்லாதவர்கள் பந்திக்கு வருவார்கள். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டாரின் வெள்ளித் தாம்பாளம் அந்த வழியாகப் போய், நாங்கள் ஸ்டேஷனில் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு முதலாளி சொன்னார்: பந்தி ஆரம்பித்தால் பின் கதவு பூட்டியிருக்க வேண்டும். பூட்டினேன். பத்து வருடத்துக்கு மேலாகப் பூட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

இந்தக் கம்பெனியைக் கூப்பிட்டது ஆடி மாதத்தில். ஆடியில் மண்டபம் காலி. வெள்ளை அடிப்பது, மோட்டார் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். ஃபயர் என்ஓசி, அதாவது தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, அதைப் புதுப்பிக்கும் வேலையும் சேர்ந்து வந்தது. அவர்கள் தரும் சேவை மூன்று: தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்து ரீஃபில் செய்வது, கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து அபாய அறிக்கை எழுதுவது, ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி. ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு 11 மணிக்கு வந்தார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை, டவுனில் டிராஃபிக் என்றார்கள். ஆடியில் சேலத்தில் பண்டிகை என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. முன்கூட்டித் திட்டமிடச் சொல்லித்தர வருகிறவர்கள் இதை முதலில் திட்டமிட்டிருக்கலாம். இதற்கு ஒரு ஸ்டார் குறைத்துவிட்டேன்.

வந்தது இரண்டு பேர். ஒருவர் லேப்டாப் வைத்திருந்த பையன். இன்னொருவர் தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர், எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டோம்.

முதலில் சிலிண்டர்கள். மண்டபத்தில் 11 இருக்கின்றன. வருடா வருடம் ஒருவர் வந்து எடுத்துப்போய், துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து மாட்டுவார். அவருக்கு ஆறு வருடம் காசு கொடுத்திருக்கிறோம். ஐயா முதல் சிலிண்டரைக் கழற்றி, ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. மேலே இருக்கும் மீட்டரை விரலால் இரண்டு தட்டு தட்டினார். முள் பச்சையில் நின்றது. அப்புறம் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழந்தையின் நெஞ்சில் காது வைப்பது போல வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. "ஒண்ணும் கேக்கலைன்னா அதுதாம்மா கோளாறு. பவுடர் உள்ளே சரியணும், மணல் சரியற மாதிரி சத்தம் வரணும்" என்றார். அதன் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் திறந்து காட்டினார். பவுடர் அடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிப்போயிருந்தது. முள் பச்சையில்தான் இருக்கிறது, உள்ளே நைட்ரஜனும் இருக்கிறது. அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும். இன்னும் ஒன்று அடிப்பாகம் துருப்பிடித்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இரண்டையும் ஓரம் கட்டினார்.

ஜெனரேட்டர் அறையிலும் பேனல் போர்டு பக்கத்திலும் இருப்பவை கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள். அவற்றுக்கு மீட்டரே கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். சமையல்கட்டுக் காய்கறித் தராசைக் கொண்டுவரச் சொல்லி, கழுத்தில் வெட்டியிருந்த காலி எடையைக் கழித்துக் காட்டினார். நாலரை கிலோ இருக்க வேண்டியதில் ஒன்றில் 1.6 கிலோ இல்லை. கத்தரிக்காய் நிறுக்கிற தராசில் இது தெரிந்துவிடுகிறது. ஆறு வருட ஸ்டிக்கரில் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும், உங்கள் கட்டடத்தில் இருக்கும் சிலிண்டரை நாளைக்குக் கவிழ்த்துப் பாருங்கள்.

ரீஃபில்லும் இரண்டு புது ஏபிசி பவுடர் சிலிண்டர்களும் சேர்த்து 12,400. தீப்போர்வை மூன்று, 3,300. பயிற்சிக்கும் அறிக்கைக்கும் 12,000. மீதி வரி.

கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தபோது பையன் போட்டோ எடுத்துக்கொண்டே வந்தான். ஐயா கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். மெயின் ஸ்விட்சை யார் அணைப்பார்கள்? கரண்ட் போனால் லிஃப்டைக் கையால் இறக்கத் தெரிந்தவர் யார், அந்தச் சாவி எங்கே? 101-க்குப் போன் போட்டால் என்ன சொல்வீர்கள்? வாட்ச்மேன் தாத்தாவை அங்கேயே நிற்க வைத்து, போன் போடுவது போல நடிக்கச் சொன்னார். தாத்தா ரொம்ப நம்பிக்கையாக, "நம்ம தட்டுவடைக் கடைக்கு எதிர்ல இருக்குதுங்களே, அந்த மண்டபமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. சேலத்தில் தட்டுவடைக் கடை இல்லாத தெரு எது? மண்டபத்தின் பெயர், தெரு, எந்த மெயின் ரோட்டிலிருந்து திரும்ப வேண்டும், இத்தனையும் போனுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வைத்தார். அப்புறம் வாசலைக் காட்டி, முகூர்த்தத்துக்கு ஃப்ளெக்ஸ் வளைவு எவ்வளவு உயரத்தில் கட்டுவீர்கள் என்று கேட்டார். தீயணைப்பு வண்டி அதற்குக் கீழே நுழையுமா என்று இத்தனை வருடத்தில் நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

சமையல்கட்டில் ஒரு வேலை செய்தார். முகூர்த்த நாளில் 19 கிலோ காஸ் சிலிண்டர்கள் எட்டு வரும். நடையில், சுவரோரமாக வரிசையாக நிற்கும். ஒரு செம்புத் தண்ணீரை அந்த இடத்தில் தரையில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் நடையின் சரிவில் ஓடி, அடுப்பு மேடைக்கு அடியில் போகும் சாக்கடை வாய்க்குள் இறங்கியது. "சமையல் காஸ் காத்தை விட கனம். கசிஞ்சா இந்தத் தண்ணி போன வழியிலதான் போகும். போய் அடுப்புக்கு அடியில உக்காந்துக்கும்" என்றார். மாஸ்டர் அந்த ஈரத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக அடுப்படியில் இருப்பவர் அவர். அடுத்த வாரமே வெளிச்சுவரை ஒட்டி கம்பி வலைக் கூண்டு ஒன்று போட்டு சிலிண்டர்களை அங்கே மாற்றினோம். காஸ் கசிவுக்கு 1906 என்று தனி எண் இருப்பதும் அன்றைக்குத்தான் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்த நடையின் முடிவில்தான் பின் கதவு. பூட்டு தொங்கியது.

"சாவி எங்கம்மா?"

"எங்கிட்டத்தாங்க ஐயா." இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"பந்தி நடக்கையில நீங்க எங்க இருப்பீங்க?"

மாடியில். மாப்பிள்ளை வீட்டாரோடு பாக்கிக் கணக்குப் பேசிக்கொண்டு. இல்லையென்றால் வாசலில். இல்லையென்றால் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் அனுப்பிக்கொண்டு. சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டேன்.

மண்டபத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஸ்ரீரங்கம் தெரியும். 2004 ஜனவரி 23. வீடியோவுக்குப் போட்ட விளக்கின் வயரில் கிளம்பிய தீ, மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். அதற்குப் பிறகு கீற்று விஷயத்தில் எல்லோரும் கண்டிப்பாகிவிட்டார்கள். எங்கள் மண்டபத்திலும் கீற்று கிடையாது, தகரமும் கான்கிரீட்டும்தான். வீடியோக்காரர் வயர் இழுத்தால் நானே போய்ப் பார்ப்பேன். ஸ்ரீரங்கத்தில் நடந்தது இங்கே நடக்காது என்று எனக்கு ஒரு தைரியம் இருந்தது. இடுப்பில் அந்தச் சாவியை வைத்துக்கொண்டு அந்தத் தைரியம்.

சரி, அறிக்கைக்கு வருகிறேன். பில்லிலேயே ரொம்பப் பலவீனமான பகுதி அதுதான். பத்து நாள் கழித்து மெயிலில் வந்தது. 14 பக்கம், முழுக்க ஆங்கிலம். எங்கள் சர்வர் அறையில் வெப்பநிலையைக் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு வரி. எங்களிடம் சர்வர் என்றால் பரிமாறுகிற பையன்கள்தான். வேறு ஏதோ கம்பெனிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சமையல்கட்டில் புகை உணரும் கருவி வைக்கச் சொல்லி 40 ஆயிரத்துக்கு ஒரு கொட்டேஷனும் கூடவே. தாளிக்கிற இடத்தில் புகைக்கு அலறும் கருவியை வைத்தால் முதல் முகூர்த்தத்திலேயே யாராவது அதன் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். போன் செய்து கேட்டேன். அங்கே புகைக்கு இல்லாமல் சூட்டுக்கு வேலை செய்கிற கருவிதான் வைக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். கொட்டேஷன் போடுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆனால் அந்த அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் இருந்த ஒரு கட்டம் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. ஒவ்வோர் அபாயத்துக்கும் இரண்டு மார்க். நடக்கும் வாய்ப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து, நடந்தால் வரும் பாதிப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து. இரண்டையும் பெருக்க வேண்டும். 15-க்கு மேலே வந்தால் சிவப்பு, நடுவில் மஞ்சள், ஐந்தும் அதற்குக் கீழும் பச்சை. பெரிய கம்பெனிகள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் இப்படித்தான் போடுவார்களாம். நான் கணக்குக்காரி. கட்டத்தைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. செருப்புத் திருட்டு: எல்லாக் கல்யாணத்திலும் நடக்கும், வாய்ப்பு ஐந்து; பாதிப்பு ஒன்று. பெருக்கினால் ஐந்து. பந்தி நேரத்தில் சமையல்கட்டில் தீ, பின் கதவு பூட்டு: இதுவரை நடந்ததே இல்லை, வாய்ப்பு ஒன்று, பாதிப்பு ஐந்து. பெருக்கினால் அதுவும் ஐந்து. இரண்டும் பச்சை. செருப்பும் ஆளும் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பையனுக்குப் போன் செய்தேன். "மேடம், ஃபார்முலா அப்படித்தான் மேடம்" என்றான். ஐயாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பெருக்கலை விட்டுடுங்கம்மா. பாதிப்புல அஞ்சு போட்ட எடத்தை எல்லாம் தனி பேப்பர்ல எழுதிக்குங்க. அதுக்கு வாய்ப்பு என்னன்னு பாக்காதீங்க. அதை மட்டும் முதல்ல சரி பண்ணுங்க" என்றார்.

எழுதினேன். ஏழு வரிதான் வந்தது. பின் கதவு, காஸ் நிற்கும் இடம், மாடிப்படியின் வளைவில் அடுக்கி வைக்கும் நாற்காலி, பேனல் போர்டு அறையில் போட்டிருந்த பழைய அலங்காரத் துணி, லிஃப்ட், எண்ணெய்ச் சட்டி, வாசல் வளைவு. அந்த ஏழு வரிக்குத்தான் 12,000 கொடுத்தோம் என்று வைத்துக்கொண்டேன். 14 பக்கத்தை பைலில் போட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் ஒன்றும் அலட்சியமாக இருந்தவர்கள் இல்லை. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் திருட்டுக்குத் தயாராகத்தான் இருந்தோம். கேமரா வைத்தோம், டோக்கன் போட்டோம், கதவைப் பூட்டினோம். அடிக்கடி நடப்பதற்கு இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்தான், ஒரே ஒரு தடவை நடந்தால் போதும் என்கிற விஷயத்துக்கு வழியை அடைத்துவிட்டோம். இரண்டும் ஒரே கதவில் மோதுகின்றன. திருட்டு நடந்தால் முதலாளி மறுநாள் காலை என்னைக் கேட்பார். பூட்டியிருந்ததற்கு இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

கடைசியில் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் திறந்துகொள்ளும் தாழ்ப்பாள் போட்டோம். வெளியிலிருந்து திறக்க முடியாது. ஹார்டுவேர் கடையில் வாங்கி, வெல்டிங்காரரை வைத்துப் பொருத்த 5,800 ரூபாய். கதவு திறந்தால் அலறும்படி ஒரு மணியும் வைத்தோம், திருடனுக்காக. இது கம்பெனியின் பில்லில் வராது, ஆனால் யோசனை அவர்களுடையது.

பயிற்சி நடந்தது கார் நிறுத்தும் இடத்தில். இதற்கு முழு மார்க். ஒரு தகரத் தட்டில் கொஞ்சம் டீசல் ஊற்றிப் பற்றவைத்தார்கள். ஐயா முதலில் கூப்பிட்டது பாத்திரம் கழுவும் அக்காவை. என்னையோ சூப்பர்வைசரையோ கூப்பிடவில்லை. "தீ வந்தா பக்கத்துல இருக்கப்போறது இவங்கதான்." அக்கா சிலிண்டரை வாங்கி, குழாயை நீட்டி, பலம்கொண்ட மட்டும் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. பாதுகாப்புப் பின்னை உருவவில்லை. உருவி மறுபடி அழுத்தினால், பவுடர் தீயின் தலைக்கு மேலே பறந்து பக்கத்து வீட்டு மதில் வரை போனது. தீ அப்படியே எரிந்தது. "ஜுவாலையை அடிக்காதீங்க, அடியைக் கூட்டுங்க. வாசல் கூட்டுற மாதிரி." அந்த வார்த்தை போதுமாக இருந்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், நான்கு வீச்சில் அணைந்துவிட்டது. அடுத்தவர் அடித்தபோது என் போனில் நேரம் பார்த்தேன். ஆறு கிலோ சிலிண்டர் முழுக்கக் காலியாக 16 விநாடி. சிவப்பாகக் கனமாகத் தொங்குவதைப் பார்த்தால் அரை மணி நேரம் வரும் என்று தோன்றும். 16 விநாடிதான்.

மாஸ்டர் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை என் அடுப்படியில அடிச்சா சாம்பார் என்னாகுங்க?"

"கொட்டணும்."

"600 பேருக்கு வெச்ச சாம்பாரு."

ஐயா தலையாட்டினார். எல்லாப் பாத்திரத்திலும் பவுடர் விழும் என்பதற்காகவே சமையல்காரர்கள் கடைசி நிமிடம் வரை சிலிண்டரைத் தொட மாட்டார்கள், அது அவருக்கும் தெரிந்திருந்தது. அதற்குத்தான் தீப்போர்வை. எண்ணெய்ச் சட்டி பற்றினால் முதலில் அடுப்பை அணை, மூடியோ போர்வையோ போட்டு மூடு, சூடு ஆறும் வரை திறந்து எட்டிப் பார்க்காதே. பாதியில் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை, எல்லோரையும் தூரத்தில் நிறுத்தி, ஒரு தாளிப்புக் கரண்டி எண்ணெயில் காட்டினார். நீளக் கம்பியின் நுனியில் கட்டிய டம்ளரில் ஒரு மடக்குத் தண்ணீர்தான். ஆள் உயரத்துக்கு மேலே எழும்பியது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகும், ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும், எரிகிற எண்ணெயையும் தூக்கிக்கொண்டுதான் மேலே வரும். பரிமாறுகிற பையன் ஒருவன் பின்னால் நகர்ந்ததில் என் காலை மிதித்துவிட்டான். நாங்க நனைச்ச சாக்குத்தான் போடுவோம் என்றார் மாஸ்டர். தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டால் இப்போது பார்த்ததுதான் நடக்கும் என்று ஐயா சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. எண்ணெய்த் தீக்கென்றே வேறு வகைத் திரவ சிலிண்டர் உண்டு, விலை பல மடங்கு. இவர்களிடம் அது இல்லை. இருந்திருந்தால் ஒன்று வாங்கியிருப்பேன்.

இந்தக் கம்பெனி யோசிக்காத ஒரு விஷயம். அன்றைக்குப் பயிற்சி எடுத்தது 14 பேர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் எண்ணிப் பார்த்தேன், அந்த 14-ல் ஐந்து பேர்தான் இருந்தார்கள். சமையலுக்கு மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆட்களைக் கொண்டுவருவார். பரிமாற வருவது காலேஜ் பையன்கள், இந்த வாரம் வந்தவன் அடுத்த வாரம் வர மாட்டான். வருடத்துக்கு ஒரு பயிற்சி என்பது நிரந்தர ஊழியர் உள்ள ஆலைக்குச் சரி. மண்டபத்துக்கு அது ஓட்டைப் பானை. இதற்கு என்ன செய்வது என்று கேட்டபோது, இன்னொரு பயிற்சிக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். காய் நறுக்க உட்காரும்போது ஐந்து நிமிடம், பாத்திரம் கழுவும் அக்கா எழுந்து சொல்வார்: போர்வை இங்கே, காஸ் வால்வு அங்கே, கதவைத் தள்ளு, அடியைக் கூட்டு. அவர் சொன்னால் கேட்கிறார்கள். நான் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள்.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரத்தில் தீயணைப்புத் துறையினரே வந்து இலவசமாகச் செய்து காட்டுவார்கள். ஸ்டேஷனில் முன்கூட்டி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

முதலாளிக்கு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில், நான்கு அறை கொண்ட பழைய பங்களா ஒன்று இருக்கிறது. வார இறுதியில் வாடகைக்கு விடுவோம். அதையும் பார்த்துக் கொடுங்கள் என்று கூட்டிக்கொண்டு போனோம். இந்தப் பகுதி எனக்குத் திருப்தி இல்லை. மலையில் இருக்கும் வீட்டுக்கு முதல் அபாயம் தீயா, ரோடா? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, அங்கேயே நகராமல் நின்று, உள் மாவட்டங்களில் எல்லாம் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்த ஒரு ரோட்டை நம்பித்தான் எங்கள் பால், காய்கறி, காஸ் எல்லாம். விட்டால் குப்பனூர் வழி. அன்றைக்குப் பங்களாவில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, ஏழு பேர், அதில் சர்க்கரைக்கு ஊசி போடும் பாட்டி ஒருவர். கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை, செல்போன் டவரும் இல்லை. காவல்காரர் மூன்று நாள் விறகடுப்பில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து ஒப்பேற்றினார். பாட்டியின் மருந்து இரண்டு நாளைக்குத்தான் இருந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னார்கள்.

இதெல்லாம் நான் காரில் போகும்போதே சொன்னேன். அறிக்கையில் ரோடு என்ற வார்த்தையே இல்லை. நான்கு அறைக்கு நான்கு சிலிண்டர், அவசர எண்கள் 101, 108, 112 என்று ஒரு பக்கம். டவர் இல்லாத நாளில் அந்த எண்களை வைத்து என்ன செய்வது? நானே ஒரு தாள் எழுதிக் காவல்காரரிடம் கொடுத்திருக்கிறேன்: மூன்று நாளைக்கு அரிசி பருப்பு, மேல் தொட்டி எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும், 20 லிட்டர் டீசல், டார்ச், வந்து இறங்கும்போதே மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் யார் என்று கேட்பது, மழை எச்சரிக்கை வந்தால் புக்கிங்கை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தருவது. கடைசி வரிக்கு முதலாளியை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஏற்காட்டில் ஐயா கண்டுபிடித்தது ஒன்று மட்டும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. வராந்தாவில் கோழி சுடும் கரி அடுப்பு இருந்தது. குளிர் நாளில் விருந்தாளிகள் இதை உள்ளே எடுத்துப் போவார்களா என்று காவல்காரரைக் கேட்டார். "மார்கழியில எடுத்துட்டுப் போவாங்க சாமி, கணகணன்னு இருக்கும்ல." ஜன்னல்களை நன்றாகச் சாத்திக்கொண்டு. கரி நெருப்பின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அந்த அடுப்பை இப்போது முற்றத்தில் சிமெண்ட் வைத்துத் தரையோடு பதித்துவிட்டோம். தூக்க முடியாது. காட்டெருமை வந்து முட்டினால்தான் உண்டு.

மொத்தத்தில் மூன்றரை ஸ்டார். சிலிண்டர் சோதனைக்கும் பயிற்சிக்கும் கூப்பிடலாம். அறிக்கையைத் தமிழில் கேளுங்கள், உங்கள் கட்டடத்தில் இல்லாத அறையைப் பற்றி எழுதியிருந்தால் காசைப் பிடித்து வையுங்கள். பெரியவர் வருகிறாரா, பையன் மட்டும் வருகிறானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆடிக்கும் கூப்பிடுவதாக இருக்கிறேன், ஐயா வந்தால்.

போன ஐப்பசி முகூர்த்தத்தில் பந்திக்கு முன்னால் நடைப் பக்கம் போனேன். பின் கதவின் தள்ளுகம்பியில் இரண்டு வாழைத்தாரைச் சாத்தி வைத்திருந்தார்கள். எடுக்கச் சொன்னேன், உடனே எடுத்தார்கள். "ஸாரி அக்கா" என்றும் சொன்னார்கள். முதல் பந்தி முடிந்து மறுபடி போய்ப் பார்த்தால், அதே இடத்தில் தேங்காய் மூட்டை.